கடிகாரமும் நாட்காட்டியும்: பயங்கரவாத எதிர்ப்புத் தொடர்களும் சென்னையின் வரலாறும்

2021 ஜூன் மாதத்தின் முதல் வாரம். கொரோனா இரண்டாம் அலையின் முழு ஊரடங்கில் சென்னை நகரம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. தியாகராய நகரின் கடைவீதிகள் பூட்டப்பட்டிருந்தன. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை இல்லை. அந்த நாட்களில்தான் அமேசான் பிரைம் தளத்தில் 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம் வெளியாயிற்று. ஒன்பது பகுதிகள், கதை நடக்கும் களங்களுள் தலையாயது நமது சென்னை. நாமும் அதனை இரண்டே இரவுகளில் பார்த்து முடித்தோம். ரசித்துத்தான் பார்த்தோம் என்பதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. சுபுஹுத் தொழுகைக்கு எழ வேண்டுமே என்ற எண்ணத்தையும் மீறி 'இன்னும் ஒரு பகுதி' என்று அமர்ந்திருந்த இரவுகள் அவை.

ரசித்த ஒன்றைப் பற்றியே சிந்திக்க வேண்டும். பிடிக்காத ஒன்றைக் கண்டிப்பது எளிது. அதனால் நாம் கற்றுக்கொள்வது சொற்பம். இவ்வகைத் தொடர்கள் நம்மை ஏன் ஈர்க்கின்றன, எந்த இடத்தில் பிழை செய்கின்றன, அந்தப் பிழைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளை இந்நகரத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈர்ப்பின் இரகசியம்

இவ்வகைக் கதைகளுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2001 நவம்பர் 6ஆம் நாள் தொடங்கிய '24' என்னும் தொடர் எனலாம். ஒரு பருவம் என்பது ஒரே ஒரு நாள். ஒரு பகுதி என்பது அந்த நாளின் ஒரு மணி நேரம். திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒரு குண்டு வெடிக்கப்போகிறது. அதைத் தடுக்க ஜாக் பாயர் என்ற ஒற்றை மனிதர் ஓடிக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்து எட்டு வாரங்களே ஆகியிருந்த நிலையில் வெளியான அத்தொடர் 2010 வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. 2013இல் அனில் கபூர் அதனை இந்தியில் கொண்டுவந்தார்.

இதன் கவர்ச்சிக்கு மூலகாரணம் அந்தக் கடிகாரமே. நேரமில்லை என்ற ஒரே நிபந்தனையை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நாமாகவே ஏற்றுக்கொள்கிறோம். வாரண்டு வாங்க நேரமில்லை. வழக்கறிஞரை அழைக்க நேரமில்லை. பிடிபட்டவன் குற்றவாளிதானா என்று விசாரித்துத் தெளிய நேரமில்லை. ஆகவே அடி, உதை, மின்சாரம். அடிபட்டவன் அடுத்த நிமிடமே உண்மையைச் சொல்லிவிடுகிறான். அத்தொடரின் முதல் ஐந்து பருவங்களில் 67 சித்திரவதைக் காட்சிகள் இடம்பெற்றதாக அந்நாட்டின் பெற்றோர் தொலைக்காட்சிக் குழு எண்ணிச் சொன்னது. 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தின் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன் தயாரிப்பாளர்களை நேரில் சந்தித்து, இக்காட்சிகள் தம் மாணவர்களின் மனத்தைக் கெடுக்கின்றன என்று முறையிட்டார். சித்திரவதையால் நம்பத்தக்க தகவல் கிட்டுவதில்லை என்பது அவரைப் போன்ற தொழில்முறைப் படைவீரர்களின் கருத்து. சி.ஐ.ஏ.வின் விசாரணை முறைகளை ஆராய்ந்து அமெரிக்க செனட் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் ஏறத்தாழ இதே முடிவுக்கே வந்தது.

'தி ஃபேமிலி மேன்' அந்த மரபில் வந்ததாயினும் அதைவிட மனிதத்தன்மை மிக்கது. ராஜ் நிடிமோரு, கிருஷ்ணா டி.கே. ஆகிய இருவர் உருவாக்கிய இத்தொடரின் முதல் பருவம் 2019 செப்டம்பரில் வெளியானது. மனோஜ் பாஜ்பாய் ஏற்ற ஸ்ரீகாந்த் திவாரி என்ற பாத்திரம் மும்பையின் நடுத்தர வர்க்கத்துக் குடும்பத் தலைவர். வீட்டுக்கடன், மகளின் கோபம், மனைவியின் மௌனம் ஆகியவற்றுக்கு நடுவே நாட்டைக் காக்கும் உளவுப்பணி. சம்பளம் குறைவு, தொழிலின் பெயரை வெளியில் சொல்லவும் முடியாது. நம் வீட்டு மனிதர் ஒருவரைப் பார்ப்பது போன்ற உணர்வு பார்வையாளருக்கு எழுகிறது. சென்னைக் காவல்துறையின் அதிகாரிகளாக வரும் உமையாளும் முத்துப்பாண்டியும் தமிழ்நாட்டு மனிதர்களாகவே பேசுகிறார்கள். இந்திப் படங்களில் தமிழன் என்றாலே கேலிப்பொருள் என்றிருந்த வழக்கத்தை இத்தொடர் பல இடங்களில் உடைத்தது. உதய் மகேஷ் நடித்த செல்லம் என்ற ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஒரே வாரத்தில் நாடு முழுவதும் வீட்டுப் பெயரானார். இவை யாவும் பாராட்டத்தக்கவையே.

தமிழ்த்திரையின் முன்வரலாறு

இத்தொடரை நாம் பார்த்த கண்கள் புதியவை அல்ல. அவற்றுக்கு முப்பதாண்டுப் பயிற்சி உண்டு. கே. பாலசந்தரின் கவிதாலயா தயாரிப்பில் மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. காஷ்மீரில் கடத்தப்பட்ட ஒரு தமிழ் இளைஞன், எரியும் தேசியக்கொடியின் மீது விழுந்து தன்னுடலால் தீயை அணைக்கிறான். அதே வேளையில் அவனைக் கடத்தியவர்களின் தலைவன் தொழுதுகொண்டிருக்கிறான். இரு காட்சிகளும் மாறி மாறி வெட்டப்பட்டன. தொழுகை ஓர் அச்சுறுத்தலின் அடையாளமாகத் தமிழ்த்திரையில் ஊன்றப்பட்ட முக்கியமான தருணம் அதுவென்று கூறலாம். அப்படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது கிடைத்தது. நான்கு மாதங்களுக்குள் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. 1994இல் ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில், இங்கே ஒருமைப்படுத்தப்படுவது யாருடைய தேசம் என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். இதே படத்தின் வழியேதான் தமிழுலகம் ஏ.ஆர். ரஹ்மான் என்ற முஸ்லிம் இளைஞரை முதன்முதலாக அறிந்து தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. ஒரே படம் நமக்குக் காயமாகவும் பெருமையாகவும் இருந்தது. தமிழ் முஸ்லிம்களின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

வேறு வழியும் இருந்தது. 1995இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்', கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கால்' இந்திப் படத்தின் தமிழாக்கம். அதில் பயங்கரவாதிக்கு மதமில்லை. கடமை தவறாத காவல் அதிகாரியும் அச்சத்தின் முன் உடைந்துபோகிறான். வலியின் முன் மனிதன் எப்படியெல்லாம் வளைகிறான் என்பதை நேர்மையாகச் சொன்ன படம் அது. ஆயினும் பிற்காலப் படங்கள் பெரும்பாலும் அவ்வழியில் செல்லவில்லை. விஜயகாந்தின் 'வல்லரசு' (2000) போன்றவற்றில் எல்லை தாண்டிய வில்லன் நிலைபெற்றான். 2009இல் வந்த 'உன்னைப்போல் ஒருவன்' சென்னையையே களமாகக் கொண்டு, நீதிமன்றத்தை நம்பாத ஒரு சாமானியன் பயங்கரவாதிகளைத் தானே கொன்றுவிடுவதை நியாயமாக்கிக் கைதட்டல் பெற்றது. 2012 தீபாவளிக்கு வெளியான 'துப்பாக்கி', 'ஸ்லீப்பர் செல்' என்ற சொல்லைத் தமிழரின் அன்றாடப் பேச்சில் சேர்த்தது. 2017இல் டி.டி.வி. தினகரன் எதிரணியில் தமக்கு ஸ்லீப்பர் செல்கள் இருப்பதாகக் கூறியபோது தமிழகமே சிரித்தது. அரசியல்வாதிக்கு அது நகைச்சுவை. வாடகை வீடு தேடி அலையும் முஸ்லிம் இளைஞனுக்கு அப்படியல்ல.

அடையாறில் வேலை கிடைத்து வந்த நண்பரின் மகன் ஒருவர் அங்கேயே வீடு தேடினார். தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, முன்பணத்தோடு நேரில் சென்று பெயரைச் சொன்னதும், ஊரிலிருந்து தம் அண்ணன் குடிவருவதாக வீட்டுக்காரர் கூறிவிட்டார். அவர் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை; காபி கொடுத்து உபசரித்தே அனுப்பினார். 'டு-லெட்' பலகை அடுத்த மாதமும் அந்த வாசலில் தொங்கியது.

இரண்டு எதிர்ப்புகள்

2013 ஜனவரியில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வெளியாகவிருந்தபோது முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு அதை எதிர்த்தது. ஜனவரி 25 அன்று வெளியாகவேண்டிய படத்துக்குத் தமிழக அரசு 15 நாள் தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்க, மறுநாளே அமர்வு மீண்டும் நிறுத்தி வைத்தது. ஆழ்வார்பேட்டை வீட்டில் செய்தியாளர்களைச் சந்தித்த கமல்ஹாசன், மதச்சார்பற்ற ஓர் இடத்தைத் தேடி நாட்டை விட்டே போக நேரும் என்று மனம் நொந்து கூறினார். பேச்சுவார்த்தைக்குப் பின் ஏழு இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியானது. அந்நாட்களில் நம்மிடம் பலரும் சொன்னது ஒன்றே: "இது சினிமாதானே! இதற்குப் போய் ஏன் இவ்வளவு?" கதாநாயகனே முஸ்லிம் அல்லவா என்றும் கேட்டார்கள். நாட்டுக்காகக் கொல்லும் நல்ல முஸ்லிம், நாட்டுக்கு எதிராகக் கொல்லும் கெட்ட முஸ்லிம் என்ற இரண்டே அறைகள் கொண்ட வீடு அது. கடை வைத்திருப்பவனும் கணக்கு வாத்தியாரும் குடியிருக்க அங்கே அறையில்லை என்பதை நம்மால் அப்போது புரியவைக்க முடியவில்லை. இந்த இரட்டைப் பிரிவினையை மஹ்மூத் மம்தானி தம் 2004ஆம் ஆண்டு நூலுக்கே தலைப்பாக்கினார்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2021 மே மாதம் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவத்தின் முன்னோட்டம் வெளியானது. ஈழப் போராளியான ராஜி, பாகிஸ்தான் உளவுத்துறையோடு கைகோத்துச் சென்னையில் தாக்குதல் நடத்தத் திட்டமிடுகிறாள் என்பது கதை. தமிழகம் கொதித்தது. வைகோ ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், சீமான் கண்டித்தார், தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மே 24 அன்று, தொடரை நிறுத்தக் கோரி ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்கு எழுதினார். தங்கள் குழுவில் தமிழர் பலர் இருக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் கூறினர். சமந்தாவின் முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி ஈழத்துப் பெண்ணாக்கியதும் கண்டனத்துக்குள்ளானது.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஒரு மக்களின் நீண்ட துயரத்தை எடுத்து, ஒன்பது பகுதிகளின் விறுவிறுப்புக்கு எரிபொருளாக்கினால் அந்த மக்களுக்கு வலிக்கத்தான் செய்யும். 2013இல் நாம் சொல்ல முயன்று தோற்றதும் அதுவே. 'சினிமாதானே' என்று நமக்கு ஆறுதல் சொன்ன நண்பர்கள் சிலர் இம்முறை கொதித்தெழுந்ததைக் கண்டோம். அவர்களைக் குத்திக்காட்டுவது நம் எண்ணமன்று. தமிழராகவும் முஸ்லிமாகவும் ஒருசேர இருக்கும் நமக்கு இரண்டு வலியும் சொந்தம். ஆகவே ஒருவருக்கு மற்றவர் வலியை எடுத்துச்சொல்லும் கடமையும் நமக்கே உரியது.

தொடர் மறந்த வரலாறு

ராஜியும், ஐ.எஸ். அமைப்பின் வழிவந்த ஸாஜிதும் ஒரே வாகனத்தில் பயணம் செய்கிறார்கள். அச்சுறுத்தும் இருவரை ஒன்றுசேர்த்தால் அச்சம் இரட்டிப்பாகும் என்பது கதாசிரியர்களின் கணக்கு. வரலாறு அறிந்த தமிழ் முஸ்லிம் அக்காட்சியைச் சங்கடமின்றிப் பார்க்க முடியாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் உள்ளிட்ட வட மாகாணத்தின் முஸ்லிம்கள், எழுபதாயிரம் பேரளவில், விடுதலைப் புலிகளால் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஈழ இயக்கங்களின் தொடக்க காலத்தில் முஸ்லிம் இளைஞர்களும் அவற்றில் இணைந்திருந்தார்கள் என்பதும் இதே வரலாற்றின் பகுதி. இந்தப் பிணைப்பும் பிளவும் எதுவும் தொடருக்குத் தெரியாது.

தெரியாதவை இன்னும் உண்டு. 1982 மே 19 மாலையில் தியாகராய நகர் பாண்டி பஜாரில், மக்கள் கூட்டத்துக்கு நடுவே, பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் நோக்கிச் சுட்டுக்கொண்டனர். இருவரும் கைதாகிச் சில மாதங்களில் பிணையில் வெளிவந்தனர். 1983 இனப்படுகொலைக்குப் பின் ஈழ இயக்கங்களுக்கு இந்திய உளவுத்துறையே பயிற்சியும் ஆயுதமும் அளித்தது. ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை இதனை 1997இல் விரிவாகப் பதிவு செய்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்புக்குச் செல்லவேண்டிய பெட்டிகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1986 நவம்பரில் தம் தொலைத்தொடர்புக் கருவிகளைக் காவல்துறை பறிமுதல் செய்ததை எதிர்த்துப் பிரபாகரன் சென்னையிலேயே உண்ணாவிரதம் இருந்து அவற்றைத் திரும்பப் பெற்றார். அரசும் மக்களும் அடைக்கலம் கொடுத்து வளர்த்த ஒன்று, பின்னர் அதே அரசுக்குப் பகையாக மாறிய நீண்ட கதை இது. தொடரிலோ பயங்கரவாதி வெளியிலிருந்து வருகிறான். அவனை யார் வளர்த்தார்கள் என்று கேட்க அங்கே நேரமில்லை.

மல்லிகை இல்லம்

அடையாற்றுக்கு அருகே கிரீன்வேஸ் சாலையில் 'மல்லிகை' என்றொரு கட்டடம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் மேலும் பலரும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபின், டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அங்கிருந்தே இயங்கியது. சம்பவ இடத்தில் இறந்துகிடந்த புகைப்படக்காரரின் கேமராவில் அழியாமல் எஞ்சிய படங்களைக் கொண்டு தொடங்கிய தேடல், ஆகஸ்ட் 20 அன்று பெங்களூருவுக்கு அருகே கோணனகுண்டேயில் சிவராசன் இறந்துகிடந்ததோடு ஒரு கட்டத்தை அடைந்தது. பொறுமையும் நுட்பமும் மிக்க அந்தப் புலனாய்வு எவ்வகையிலும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆகவேதான் 2025 ஜூலையில் சோனி லிவ் தளத்தில் நாகேஷ் குக்குனூர் இயக்கிய 'தி ஹண்ட்' என்ற தொடராக அது வந்தபோது நாடெங்கும் விரும்பிப் பார்க்கப்பட்டது. அதற்கு மூலமான அனிருத்ய மித்ராவின் நூலுக்கே 'தொண்ணூறு நாட்கள்' என்று பொருள்படும் தலைப்புத்தான்.

தொண்ணூறு நாட்கள் திரைக்கு வந்துவிட்டன. அதன்பின் நடந்த முப்பது ஆண்டுகளைத் திரை கண்டுகொள்ளவில்லை. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கும் மூவருக்கு ஆயுளும் நிலைத்தன. தடாச் சட்டத்தின் கீழான குற்றங்கள் நிறுவப்படவில்லை என்று கூறிய அதே தீர்ப்பு, அச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி காவல் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. சாதாரணச் சட்டத்தில் அத்தகைய வாக்குமூலம் செல்லாது.

1991 ஜூனில் கைதானபோது பேரறிவாளனுக்கு வயது 19. இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டின் மையம். எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே ஓய்வுக்குப்பின் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது ஐம்பது. ஒரு வாக்கியம் எழுதப்படாமல் போனதன் கனம் அது. திரையின் விசாரணை அறையில் ஒரு வாக்கியம் சொல்லப்பட்டதும் குண்டு கண்டுபிடிக்கப்படுகிறது. மல்லிகையின் அறைகளில் ஒரு வாக்கியம் விடுபட்டதால் ஒரு வாழ்நாள் கழிந்தது.

நமது கணக்கு

அடுத்தவர் கதையைச் சொல்லி நமது கதையை மறைப்பது முறையன்று. 1993 ஆகஸ்ட் 8 அன்று சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 11 பேர் இறந்தனர். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று அதே நகரில் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். மருத்துவமனை வளாகமும் தப்பவில்லை. முந்தைய படுகொலையைக் காரணம் காட்டி அந்த 58 உயிர்களுக்கு நியாயம் கற்பிக்க எந்த முஸ்லிமுக்கும் மார்க்கத்தில் இடமில்லை. நம் சமுதாயத்தின் பெரியவர்களும் ஜமாஅத்துகளும் அன்று இதனை வெளிப்படையாகக் கூறினார்கள். ஆயினும் நம் இளைஞர் சிலர் அவ்வழியில் செல்வதை முன்கூட்டியே காணத் தவறினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த வழக்கிலும் நாட்காட்டி பேசுகிறது. 1998 மார்ச் இறுதியில் கைதான கேரளத்தின் அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிணையின்றிச் சிறையில் இருந்து, 2007 ஆகஸ்ட் 1 அன்று குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 2010இல் வேறொரு வழக்கில் அவர் மீண்டும் கைதானார். அது தனியே பேசப்படவேண்டியது. குஜராத்தின் அக்ஷர்தாம் தாக்குதல் வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றவர்கள் உள்பட ஆறு பேரை உச்சநீதிமன்றம் 2014 மே 16 அன்று விடுவித்தது. அவ்வழக்கிலும் தண்டனைக்கு அடிப்படையாயிருந்தவை பொடாச் சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களே. இதே பொடாவின் கீழ்த்தான் 2002 ஜூலையில் வைகோவும் கைதாகி ஓராண்டுக்கும் மேலாக வேலூர்ச் சிறையில் இருந்தார். தமிழின உணர்வாளரும் முஸ்லிமும் ஒரே சட்டத்தின் வாயில் அகப்பட்ட காலம் அது. 2021இல் தொடரை எதிர்த்துக் கடிதம் எழுதிய கரமும் அந்த அனுபவத்தை அறிந்த கரம்தான்.

கரீம் என்றொரு மாணவன்

'தி ஃபேமிலி மேன்' தொடரின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், முதல் பருவத்தின் கரீம் கதையைத்தான் குறிப்பிடுவோம். கரீம் ஒரு கல்லூரி மாணவன். தாக்குதலுக்குத் திட்டமிடுவதாக ஐயுற்று அவனைப் பின்தொடர்கிறார்கள். உண்மையில் அவன் திட்டமிட்டது மாட்டிறைச்சி அரசியலுக்கு எதிரான ஓர் எதிர்ப்பு நடவடிக்கை. அது தெரியுமுன் அவனும் தோழர்களும் சுடப்படுகிறார்கள். பின்னர் துறை தன் தவற்றை மூடி மறைக்கிறது. இறந்தவர்கள் பயங்கரவாதிகளாகவே பதிவாகிறார்கள். கடிகாரம் பொய் சொல்லக்கூடும் என்று ஒரு பயங்கரவாத எதிர்ப்புத் தொடரே ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. அதற்காக அதன் ஆசிரியர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் குறையும் அங்கேயே இருக்கிறது. கரீமின் மரணம் ஸ்ரீகாந்தின் மனச்சுமையாக மாறுகிறது. நாயகன் தூக்கம் இழக்கிறான், வேலையை விடுகிறான், பின்னர் நாடு அழைக்கவும் திரும்பி வருகிறான். நம் அனுதாபம் முழுவதும் சுட்ட தரப்பில் நிற்பவனின் வேதனையோடு போய்விடுகிறது. மகன் பயங்கரவாதி என்ற பெயரோடு அடக்கம் செய்யப்பட்ட வீட்டில் அடுத்த பத்தாண்டுகள் என்ன நடந்தன? தங்கைக்கு வரன் வந்ததா? தந்தையின் கடைக்கு வாடிக்கையாளர் வந்தார்களா? இக்கேள்விகளைக் கேட்டால் கதையின் வேகம் குறைந்துவிடும். குறையட்டும் என்று துணிந்திருந்தால் அது பெரும் படைப்பாகியிருக்கும்.

இந்த அவசரத்தைப் பற்றி நம் மரபு வெகுமுன்பே எச்சரித்திருக்கிறது. செய்தி வந்ததும் பாய்ந்துவிடாமல் விசாரித்துத் தெளியவேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரக்கூடாது என்று சூரத்துல் ஹுஜுராத் பணிக்கிறது. ஐயத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் அதே அத்தியாயம் விலக்குகிறது. நிர்ப்பந்தத்தின் கீழ்ப் பெறப்பட்ட ஒப்புதலைப் ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் ஏற்றதில்லை. மல்லிகையிலும் குஜராத்திலும் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் கழித்து எதிர்கொண்ட சிக்கலை, அவர்கள் வழக்கு தொடங்குமிடத்திலேயே வைத்துச் சிந்தித்தார்கள்.

நாம் செய்யத்தக்கது

தடை கேட்பது வழியாகாது என்பது நமது கருத்து. 'விஸ்வரூபம்' விவகாரத்தில் நாம் ஏழு இடங்களில் ஒலியை நீக்கினோம். நமது நியாயத்தின் ஒலியும் அதோடு நீங்கிவிட்டது. படைப்பாளியை அச்சுறுத்திய சமூகம் என்ற பெயரே மிஞ்சியது. இன்று இணையவழித் தொடர்கள் காலத்தில் தடை என்பது நடைமுறையிலும் பொருளற்றதாகிவிட்டது. நம்மை வெறுக்காத, ஆனால் நம்மை அறியாத படைப்பாளிகளே இத்துறையில் அதிகம். அறியாதவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

அதற்கான மூலப்பொருள் நம்மிடம் குவிந்து கிடக்கிறது. வழக்கறிஞர்களின் அலமாரிகளில் தீர்ப்பு நகல்கள் உள்ளன. விடுதலையான மனிதர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். வாரந்தோறும் சிறை வாசலில் காத்திருந்த தாய்மார்களுள் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். குண்டுவெடிப்புகளில் உறவுகளை இழந்த கோவையின் இந்துக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் கதையையும் நாமே சென்று கேட்டு எழுதினால் அதன் மதிப்பு வேறாக இருக்கும். இவற்றையெல்லாம் தொகுத்து வைக்கும் பணியை ஒரு கல்லூரியோ ஒரு ஜமாஅத்தோ கூடத் தொடங்கலாம். நம் இளைஞர் பலர் இன்று திரைத்துறையில் ஒளிப்பதிவாளராகவும் படத்தொகுப்பாளராகவும் பணியாற்றுகிறார்கள். அவர்கள் கையில் இது சேர்ந்தால், கடிகாரம் ஓடாத ஒரு தொடர் என்றாவது தமிழில் வரக்கூடும்.

2025 நவம்பரில் 'தி ஃபேமிலி மேன்' மூன்றாம் பருவம் வந்தது. அதையும் பார்த்தோம். இனி வருவதையும் பார்ப்போம். ஸ்ரீகாந்த் திவாரி தப்பிக்கவேண்டுமென்று விரும்புவோம். குண்டு வெடிக்கக்கூடாதென்று உள்ளங்கை வியர்க்க அமர்ந்திருப்போம். அத்துடன், விசாரணை அறையின் கதவு சாத்தப்படும் அந்த ஒரு நொடியில், உள்ளே இருப்பவன் சொன்னது முழுவதும் எழுதப்படுகிறதா என்ற கேள்வியையும் நம் பிள்ளைகளோடு பேசிக்கொள்ள வேண்டும்.